பிடிபனியன்

சர்வேஷ் ஒரு ஜோக் சொல்லப் போகிறான் என்பது அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவன் வலது கை மெல்லக் கிளம்பி, மனைவி தன்விகாவின் தாடைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் ஜோக் வரும். ஜோக் பெரும்பாலும் சுமார்தான், ஆனால் கை கச்சிதம். தாடை குழியை விட்டுக் கழன்றுவிடாமல் தன்விகா மூச்சு முட்டச் சிரித்து முடிப்பாள். கை திரும்பிப் போய்த் தட்டில் இருக்கும் தோசையைப் பிய்க்கும்.

முதல் தடவை வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் இதைப் பார்த்தால் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் காலண்டரைப் படிப்பார்கள். அப்புறம் பழகிவிடும்.

தன்விகாவுக்கு முப்பத்தாறு வயது. எலும்பையும் தசையையும் இழுத்துக் கட்டி வைக்கிற நார்கள் அவள் உடம்பில் பிறவியிலேயே தளர்ச்சி. மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போயிருக்கிறது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள் என்பதால், தன்விகா அதை வேறு மாதிரி சொல்லுவாள். "எலாஸ்டிக் லூசா வெச்சுத் தெச்ச பீஸுங் நானு. என்ற கைக்கு வந்திருந்தா அப்பவே ஒதுக்கித் தள்ளியிருப்பேன்." அவள் அம்மாவும் இதே ரகம்தான். ஒன்பது வயது மகள் அமிழ்தாவும் இதே ரகம்தான். மூக்கும் மூட்டும் இந்த வம்சத்தில் ஒன்றாகவே இறங்கி வந்திருக்கின்றன.

தும்மினால் தோள் கழலும். கொட்டாவி விட்டால் தாடை. ஊறுகாய் பாட்டில் மூடியைத் திருகப் போனால் மூடி அப்படியே இருக்கும், கட்டைவிரல் திரும்பிவிடும். சின்ன வயதில் கட்டைவிரலை மணிக்கட்டு வரைக்கும் வளைத்துக் காட்டி, வகுப்பில் பாதிப் பேரிடம் தேன்மிட்டாய் வசூல் பண்ணியிருக்கிறாள். சாயங்காலம் ஆனால் இடுப்பும் முழங்காலும் கெஞ்ச ஆரம்பித்துவிடும். அந்த வலி அவளுக்கு இல்லாத நாள் கிடையாது. இது நடந்த இரண்டாயிரத்து எழுபதுகளில் கண்ணுக்கும் ரத்தத்துக்கும் மரபணு வைத்தியம் வந்துவிட்டிருந்தது. உச்சி முதல் பாதம் வரைக்கும் ஓடுகிற நாருக்கு மட்டும் வரவில்லை. சரி, வருகிறபோது வரட்டும் என்று தன்விகா தன் பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்குத் தீராமல் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். வள்ளி கும்மி ஆட வேண்டும்.

கொங்கு நாட்டில் வள்ளி கும்மிக்கு யாரையும் தாஜா பண்ணிக் கூப்பிட வேண்டியதில்லை. ஒரே நிறத்தில் சேலை, காலில் சலங்கை. நடுவில் ஆசிரியர் வள்ளி கதையைப் பாட, முந்நூறு பேர் வட்டம் கட்டிக் குனிந்து நிமிர்ந்து, குதித்துத் திரும்பிக் கை தட்டுவார்கள். பதினாலு வயதில் தன்விகாவும் போய்ச் சேர்ந்தாள். இரண்டாம் நாள் பயிற்சியில் கையைத் தூக்கித் தட்டியபோது இடது தோள் கழன்றது. அவள் வழக்கம்போல அதைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பெண் மயங்கி விழுந்துவிட்டாள். அதோடு அவளை யாரும் சேர்க்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பயிற்சி நடக்கிற மைதானத்துக்கு ஒரு நாற்காலியோடு போய் உட்கார்ந்து, பாட்டையெல்லாம் மனப்பாடம் செய்து, காலால் தாளம் போட்டுவிட்டு வருவாள். மற்ற எதற்கும் வீட்டில் ஒரு கை இருந்தது. கும்மியில் மட்டும் எல்லோர் கையும் தட்டிக்கொண்டிருக்கும். பிடிப்பதற்கு ஒரு கை மிச்சம் இருக்காது.

தீபாவளி கழிந்த வாரம், அவிநாசி ரோட்டில் இருந்த ஓர் ஆய்வுக்கூடம் புதுச் சட்டை ஒன்றைப் போட்டுப் பார்க்க ஆள் தேடியது. ஆய்வுக்கூடம் அதற்கு வைத்திருந்த பெயரைச் சொல்லி முடிக்க இரண்டு மூச்சு வேண்டும். திருப்பூர் அதைப் பார்த்த அன்றைக்கே பிடிபனியன் என்று பேர் வைத்துவிட்டது. இடுப்பிலிருந்து காது மடல் வரைக்கும் ஏறுகிற, மெல்லிசான சாம்பல் நிறச் சட்டை. அதைக் கொடுத்த பொறியாளர் நஸ்ரின் தாராபுரத்துப் பெண். இருபத்தேழு வயது, எதைச் சொன்னாலும் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லுவாள்.

"ஒண்ணு விட்டு ஒரு நூல் உணர்ற நூலுங்கா. மிச்சம் விறைக்கற நூல். சும்மா இருக்கறப்போ சாதாப் பனியனாட்டத்தான் இருக்கும். மூட்டு கழலப் போகுதுன்னு தெரிஞ்சா, அந்த எடத்துல மட்டும் கண்ணு மூடித் தொறக்கறதுக்குள்ள விறைச்சுப் பிடிச்சுக்கும்."

"கழலப் போகுதுன்னு அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதைத்தான் நீங்க சொல்லிக் குடுக்கோணும். நாப்பது நாள் போட்டுட்டு எப்பவும் போல இருங். எப்பக் கழலுது, அதுக்கு முன்னாடி உடம்பு என்ன பண்ணுதுன்னு பாத்துப் பாத்து அதுவே படிச்சுக்கும். அப்புறம் ஒரு சோதனை. தேறிட்டீங்கன்னா சீட்டுக் குடுத்துருவோம்."

தன்விகா அந்த வேகத்திலேயே கும்மி ஆசிரியர் கிருத்திகாவிடம் போய் நின்றாள். கிருத்திகா நல்ல மனுஷி, ஆனால் கறார். "அக்கா, வட்டத்துல நீங்க விழுந்தா உங்க பின்னாடி வர்ற அத்தனை பேரும் விழுவாங்க. ஆய்வுக்கூடத்துச் சீட்டைக் கொண்டாங்க. பங்குனி உத்திரத்தன்னிக்கு ஊத்துக்குளில அரங்கேற்றம். முதல் வட்டத்துலயே நிறுத்தறேன்" என்றாள்.

நாற்பது நாள் குஷியாகப் போனது. பனியனைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள், சமைத்தாள், தும்மினாள், சர்வேஷின் ஜோக்குகளுக்குச் சிரித்தாள். எதுவும் கழலவில்லை. பனியன் பிரமாதமாகப் படிக்கிறது என்று வீடே பூரித்துப்போயிருந்தது.

சோதனை நாளில் ஒரு கண்ணாடி அறைக்குள் அவளைத் தனியாக நிறுத்தி, இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். ஒரு குழாய் மூக்குக்கு நேராகக் கொஞ்சம் மிளகுத் தூளை ஊதியது. தன்விகா தும்மினாள். பனியன் சும்மா இருந்தது. தோள் கழன்றது. வெளியே அமிழ்தாவோடு நின்றிருந்த சர்வேஷ் கதவு எந்தப் பக்கம் என்றுகூடப் பார்க்காமல் கண்ணாடியிலேயே முட்டிக்கொண்டான்.

தோளைச் சரிபண்ணி, நெற்றிக்கு ஐஸ் வைத்து, மூன்று பேரையும் தன் அறையில் உட்கார வைத்துவிட்டு நஸ்ரின் பதிவுகளை விரித்தாள். ஒவ்வொரு தும்மலாக ஓட்டிப் பார்த்தாள்.

"அக்கா, நாப்பது நாள்ல நீங்க முந்நூத்திப் பதினொரு தடவை தும்மியிருக்கீங்க. ஒருக்காக் கூடத் தோள் கழலலை. ஏன்னு பாத்தா, ஒவ்வொரு தும்மலுக்கும் முன்னாடி வெளிய இருந்து தோள் மேல ஒரு அழுத்தம் வருதுங். வீட்டுல உங்களை யாராச்சும் பிடிக்கறாங்களா?"

"யாரு பிடிப்பாங்க?" என்றாள் தன்விகா.

"அப்படியெல்லாம் யாரும் பிடிக்கறதில்லீங்" என்றான் சர்வேஷ்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அதுதான் கூத்து. மூக்கில் மிச்சம் இருந்த மிளகு அந்த நேரம் பார்த்துத் தன் வேலையைக் காட்டியது. தன்விகா மூச்சை உள்ளே இழுத்தாள். சர்வேஷின் கை அவளுடைய இடது தோளில் இருந்தது. அமிழ்தா, படித்துக்கொண்டிருந்த கதையிலிருந்து தலையைக்கூடத் தூக்காமல், அம்மாவின் வலது முழங்கையைப் பிடித்தாள். தும்மல் வந்து போனது. கைகள் அவையவை வந்த வழியே திரும்பின.

"பாத்தீங்களா?" என்றாள் நஸ்ரின்.

"எதைங்?" என்றான் சர்வேஷ்.

அறையிலிருந்த கேமரா பிடித்ததை நஸ்ரின் மூன்று தடவை போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. மூன்றாவது தடவைதான் சர்வேஷ் தன் கையை ஏதோ அடுத்தவன் கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பன்னிரண்டு வருஷப் பழக்கம். கண் இமைக்கிறதை யார் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள்?

"பனியன் மேல தப்பே இல்லீங். ரொம்பச் சரியாப் படிச்சிருக்குது" என்றாள் நஸ்ரின். "தும்மல் வந்தா ஒரு கை வரும், நமக்கு வேலை இல்லைன்னு படிச்சிருக்குது. பழையபடி முதல்ல இருந்து ஆரம்பிக்கோணும். இந்தத் தடவை நாப்பது நாளைக்கு யாரும் அக்காவைத் தொடக் கூடாதுங்."

மார்கழியில் ஆரம்பித்தது அந்த இரண்டாவது நாற்பது நாள். அதைப் பற்றி அதிகம் சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் சொல்லாவிட்டால் மேற்கொண்டு நடந்தது புரியாது.

சர்வேஷ் பின்னல் மிஷின் மெக்கானிக். கை சும்மா இருந்து பழக்கம் இல்லாதவன். வீட்டில் இருக்கும் நேரமெல்லாம் கையைப் பாக்கெட்டுக்குள் திணித்துக்கொண்டு நடந்தான். தாடையைப் பிடிக்கக் கூடாது என்றானபின் ஜோக்கை எப்படிச் சொல்வது? நிறுத்திவிட்டான். அமிழ்தா பள்ளிக்கூடம் விட்டு ஓடி வருவாள், அம்மாவுக்கு ஓரடி தள்ளி நின்றுவிடுவாள். "அம்மாவைத் தொட்டாக் கரண்டு அடிக்குமாப்பா?" என்று ஒருநாள் கேட்டாள். தன்விகாவுக்குத் தோள் ஆறு தடவை கழன்றது. ஒவ்வொரு தடவையும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தானே உள்ளே தள்ளிக்கொண்டாள். சர்வேஷ் அறை வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பனியன் படித்தது.

தை மாசம் இரண்டாவது சோதனை. மிளகு ஊதினார்கள், தோள் நின்றது. குதிக்கச் சொன்னார்கள், சுற்றச் சொன்னார்கள், தலைக்கு மேலே கையைத் தூக்கி ஐம்பது தடவை தட்டச் சொன்னார்கள். எல்லாம் நின்றது. நஸ்ரினுக்கு வந்த சந்தோஷத்தில் அவளே மிஷினைச் சுற்றிக் கும்மி ஆட ஆரம்பித்தாள். தாளமும் தப்பு, அடியும் தப்பு. மூன்றாவது சுற்றில் ஒரு செருப்பு கழன்று பறந்து, கதவு திறந்திருந்த மேலாளர் அறைக்குள் போய் விழுந்தது.

தன்விகா சிரித்தாள். தாடை கழன்றுவிட்டது.

தாடையை உள்ளே தள்ளிக் கட்டுப் போட்டு முடிய ஒரு மணி நேரம் ஆனது. நஸ்ரின் பதிவுகளோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். அவள் கை இப்போது ஆடவில்லை.

"நாப்பது நாளா நீங்க ஒருக்காக் கூடச் சிரிக்கலைங்கா. சிரிப்புன்னா என்னன்னே பனியனுக்குத் தெரியலை."

சர்வேஷ் தரையைப் பார்த்தான். தன்விகாவுக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். கட்டுப் போட்ட தாடையோடு, பல் திறக்காமல், ஒவ்வொரு வார்த்தையாகப் பேசினாள்.

"ஒரு கும்மி ஆடறதுக்காக நாப்பது நாளா வீட்டை எழவு வீடாட்ட வெச்சிருந்தேன். புள்ளைய ஓரடி தள்ளி நிக்க வெச்சேன். அப்படி ஒரு கும்மி எனக்கு வேண்டாம். நல்லா இருங்."

எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டாள். பிறகு என்ன தோன்றியதோ, திரும்பினாள்.

"நான் விழறதைப் பாத்து அது என்னத்தைம்மா படிக்கும்? விழத்தான் படிக்கும். பிடிக்கறதை யாரு பிடிக்கறாங்களோ அவங்ககிட்டத்தானே படிக்கோணும்? அந்த நூலைக் கொண்டாந்து அவர் கைல மாட்டி விடுங்."

நஸ்ரின் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்து சர்வேஷின் கையைப் பார்த்தாள். "ஏனுங்கா எங்களுக்கு இது தோணவே இல்லை?" என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டாள். "ஒத்தை ஆளுக்கு ஒத்தைச் சட்டைன்னே நினைச்சுட்டு இருந்துட்டோம்."

பிறகு சர்வேஷ் பக்கம் திரும்பினாள். "அண்ணா, அக்காவுக்குத் தும்மல் வரப் போகுதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியுது? எங்க கருவி கண்டுபிடிக்கறதுக்கு முந்தியே உங்க கை கிளம்பிருது."

சர்வேஷ் யோசித்தான். "தெரியலீங். கை போயிரும். மிஷின்ல ஊசி ஒடையறதுக்கு முன்னாடி சத்தம் லேசா மாறுமுங். என்ன மாறுச்சுன்னு கேட்டாச் சொல்லத் தெரியாது. ஆனா கை சுவிட்சுக்குப் போயிருக்கும். அதாட்டத்தான்."

இப்படியாக மூன்றாவது நாற்பது நாள். சர்வேஷுக்கு இரண்டு கைக்கும் சாம்பல் நிறக் கையுறை. அமிழ்தாவுக்கு அதே மாதிரி சின்னதாக இரண்டு. தன்விகாவுக்குப் பனியன். நஸ்ரின் ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்: எவ்வளவு முடியுமோ அவ்வளவு தும்முங்கள், எவ்வளவு முடியுமோ அவ்வளவு சிரியுங்கள்.

அந்த வீடு பட்ட பாட்டை என்னவென்று சொல்வது. சர்வேஷ் அடைத்து வைத்திருந்த ஜோக்கெல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோனது. மிஷின் ஷெட்டில் வேலை பார்க்கிறவர்களிடம் தினம் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தான். அதில் பாதியை மகள் முன்னால் சொல்ல முடியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வேண்டுமென்றே ஜன்னலைத் திறந்து வைத்து வரமிளகாயை வறுத்தார்கள். கோபியிலிருந்து தன்விகாவின் சித்தி மகன், ஆள் நடக்கிற மாதிரி, பேசுகிற மாதிரி நடித்துக் காட்டுகிறவன், ஒரு வாரம் வந்து தங்கினான். அவன் கும்மி ஆசிரியர் கிருத்திகாவைப்போல் நடந்து காட்டியபோது, அப்பா ஒரு பக்கமும் மகள் ஒரு பக்கமும் தாடையைத் தாங்க, தன்விகா சோபாவிலிருந்து சரிந்து தரைக்கு வந்து, அங்கேயும் சிரித்தாள். வலி இருந்தது. சிரித்துச் சிரித்து விலா எலும்பெல்லாம் விண் விண் என்று தெறித்தது. அந்த நாற்பது நாளைப்போல அவள் வாழ்க்கையில் சந்தோஷமான நாற்பது நாள் வேறு இல்லை.

பனியன் தேறியது. சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டு நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கோணும். எங்க பட்டியல்ல அக்காவாட்டமே இருக்கறவங்க இருபது பேரு இருக்காங்க. எல்லாருமே தனியா இருக்கறவங்க. பிடிக்க வீட்டுல ஆள் இல்லை. உங்க கை படிச்சதை அவங்க பனியனுக்கும் ஏத்தி அனுப்பலாமுங்களா?"

"அனுப்புங். என்ற கையென்ன தேஞ்சா போகுது?" என்றான் சர்வேஷ்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில், பஸ்ஸில், அவனுக்கு ஒரு ஜோக் ஞாபகம் வந்தது. வழக்கம்போலக் கை கிளம்பியது. ஆனால் அதற்குள் பனியனின் கழுத்துப் பட்டை தாடையைத் தாங்கியிருந்தது. கை பாதி வழியில் நின்று, என்ன செய்வதென்று தெரியாமல், காதைச் சொறிந்துவிட்டுக் கீழே போனது. தன்விகா அதைப் பார்த்துவிட்டாள். சந்தோஷமான நேரத்தில் மனசுக்குள் ஏதோ ஒன்று குறைந்தது. அவள் அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "சும்மா இருக்கட்டும், இத்தனை வருஷம் வேலை பாத்துருக்குது" என்றாள். சர்வேஷ் சிரித்தான், ஆனால் வீடு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான்.

பங்குனி உத்திரத்தன்று ஊத்துக்குளி மைதானத்தில் வெயில் தாழ்ந்ததும் சலங்கைச் சத்தம் கிளம்பியது. முந்நூறு பெண்கள், அரக்கு நிறச் சேலை. கிருத்திகா சொன்ன சொல் தவறாமல் தன்விகாவை முதல் வட்டத்தில் நிறுத்தியிருந்தாள். சேலைக்கு உள்ளே பிடிபனியன், அதற்கும் உள்ளே படபடவென்று நெஞ்சு.

பாட்டு எடுத்தார்கள். முதல் அடி வைத்தாள், குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கித் தட்டினாள். இருபத்திரண்டு வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்து கேட்ட தாளம் இப்போது அவள் உள்ளங்கையிலிருந்து வந்தது. தோள் இருந்த இடத்தில் இருந்தது. வள்ளி தினைப்புனத்தில் கிளி விரட்டினாள், கிழவர் வேஷத்தில் முருகன் வந்து தண்ணி கேட்டார், முந்நூறு பேரும் ஒன்றாகக் குதித்துத் திரும்பினார்கள். அவளும் குதித்தாள், அவளும் திரும்பினாள். யானை வருகிற இடத்தில் வேகம் கூடும். அங்கேதான் அவளுக்குப் பயம். யானை வந்தது, போனது, தன்விகா ஆடிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் அமிழ்தா ஒரு நாற்காலி மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம் ஆனதும் முழங்கால் கெஞ்சியது. ஓரமாக வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கல்யாணப் பாட்டுக்கு மறுபடியும் உள்ளே போனாள். வள்ளிக்குக் கல்யாணம் ஆகிறவரைக்கும் ஆடினாள். இதுவரை தன் உடம்பு தனக்கு இவ்வளவு சந்தோஷத்தைக் கொடுத்ததில்லை என்று நினைத்தாள்.

ஆட்டம் முடிந்து சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது நஸ்ரின் வந்தாள். கூட ஒரு பெண்மணி. ஐம்பது ஐம்பத்தைந்து வயசு இருக்கும், ஒல்லி, கையில் ஒரு துணிப்பை. சேலைக்கு மேலே கழுத்தில் சாம்பல் நிறப் பட்டை தெரிந்தது.

"அக்கா, இவங்க பேரு மெர்லின். தெக்க கடலோரம், உவரில இருந்து வந்திருக்காங்க. இருபது பேர்ல ஒருத்தங்க. அண்ணனைப் பாத்தே ஆகோணும்னாங்க."

மெர்லின் தன்விகாவைப் பார்த்து, தன் கட்டைவிரலை மணிக்கட்டு வரைக்கும் வளைத்துக் காட்டினார். தன்விகாவும் வளைத்துக் காட்டினாள். அறிமுகம் அத்தோடு முடிந்தது.

"எங்க அம்மைக்கும் இதே சீக்குதாம்மா" என்றார் மெர்லின். "அவ இருந்த வரைக்கும் நானும் அவளும் ஒருத்தரையொருத்தர் பிடிச்சுக்கிடுவோம். அவ போயி பதினோரு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் தும்மல் வந்தா கட்டில் காலைப் பிடிச்சுக்கிட்டு கெடப்பேன். இந்தச் சட்டை வந்து பதினெட்டு நாளாச்சு. தோளு கழலவே இல்ல. அதுக்கு நன்றி சொல்லணும். ஆனா நான் அதுக்கு வரல. ஒண்ணு கேக்கணும்."

சர்வேஷ் மரியாதையாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "சொல்லுங்க."

"இந்தச் சட்டை பிடிக்கிறதுக்கு முன்னால ரெண்டு தட்டு தட்டுதே, கட்டைவிரல் வெச்ச மாதிரி. மெதுவா, தட் தட்டுன்னு. அது என்னத்துக்கு?"

தன்விகா சர்வேஷைப் பார்த்தாள். அவளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

"நாங்களும் பாத்தோமுங்" என்றாள் நஸ்ரின். "பதிவுல ஒவ்வொரு தடவையும் வருது. தேவையில்லைன்னு அதை எடுத்துப் பாத்தோம். எடுத்தா, உடம்பு திமிறுது. அதனால அப்படியே விட்டுட்டோம். எதுக்குன்னு எங்களுக்கும் தெரியலை."

சர்வேஷுக்குக் காது சிவந்துவிட்டது. சலங்கையை எடுத்துச் சுருட்டிப் பைக்குள் போட்டான். மறுபடியும் வெளியே எடுத்தான்.

"கல்யாணம் ஆன புதுசுங். ஒருநா இவ தும்மப் போனா. நான் பட்டுன்னு பிடிச்சுட்டேன். புது எடம், புது ஆளு, திடுக்குன்னு துள்ளிட்டா. அந்தத் துள்ளல்லயே தோள் கழண்டு போச்சு. எனக்கு உசுரே போயிருச்சுங். அதுல இருந்து, பிடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு. நாந்தான், பயந்துக்காதேன்னு."

பின்னால் மைதானத்தில் யாரோ மைக்கைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நாந்தான்னா சொல்லுது?" என்றார் மெர்லின். "நான் தனியா இருக்கேன்னுல்லா நெனச்சிக்கிட்டிருந்தேன். பதினெட்டு நாளா ஒருத்தரு என் வீட்டுல நாந்தான் நாந்தான்னு சொல்லிக்கிட்டே இருந்திருக்காரு."

தன்விகாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பனியன் இரண்டுக்கும் தயாராக இருந்தது. பன்னிரண்டு வருஷம். ஒரு நாளைக்கு எத்தனை தும்மல், எத்தனை கொட்டாவி, எத்தனை அறுவை ஜோக். அத்தனை தடவையும் இந்த மனுஷன் ஒன்றைச் சொல்லியிருக்கிறான், அவள் ஒரு தடவைகூடக் காதில் வாங்கியதில்லை. உவரியிலிருந்து ஒருவர் பஸ் ஏறி வந்து சொல்ல வேண்டியிருந்தது.

"ஏனுங், இதை எங்கிட்டச் சொன்னா என்ன?" என்றாள்.

"சொல்லிட்டுத்தானே இருந்தேன்" என்றான் சர்வேஷ்.

மெர்லின் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன்விகாவிடம் கேட்டார். "அந்தக் கைய ஒருக்கா நான் பாத்துக்கிடட்டுமாம்மா?"

"தாராளமாப் பாருங்க. ஏற்கெனவே இருபது பேர் தோள் மேல கெடக்கற கைதானுங்களே" என்றாள் தன்விகா.

சர்வேஷ் கையை நீட்டினான். கிரீஸ் கறை போகாத நகங்களை மறைப்பதற்கு மடக்கப் பார்த்தான், மெர்லின் விடவில்லை. அந்தக் கையை இரண்டு கையாலும் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தன் தளர்ந்த கட்டைவிரலால் அதன் மேல் மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார்.

"இருந்து சாப்டுட்டுத்தானுங்க போகோணும்" என்றான் சர்வேஷ்.